நிலாப் பயணிக்கு லேசான வயிறு

நெருப்பைக் கண்டுபிடித்தவர் யாரென்று தெரியாது. சக்கரத்தைக் கண்டுபிடித்தவரும் விலாசம் விட்டுப் போகவில்லை. அவ்விரண்டுக்கும் அடுத்தபடியாக மனிதகுலம் கண்ட மாபெரும் சாதனை, ஒரு குழந்தையின் வாயை அந்தக் குழந்தைக்கே தெரியாமல் திறந்து, உள்ளே வேலையை முடித்து, மூடித் திருப்பிக் கொடுக்கும் கலைதான். அதன் தலைமைப்பீடம் மருந்துக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், கண்ணாடிக் கதவு போட்டுக்கொண்டு நிற்கிறது. வெளியே ஆளுயரப் பிளாஸ்டிக் பல் ஒன்று எல்லாரையும் பார்த்துச் சிரிக்கும். பல்லுக்கே பல் இருக்கும் அந்தக் காட்சியைக் கண்ட பிறகும் உள்ளே போகிறவர்கள் நிஜமாகவே வலியில் இருப்பவர்கள்தான்.

எங்களுக்கு நிஜமாகவே வலி இருந்தது. அதாவது பட்டாணிக்கு.

பட்டாணி என் அக்கா மகள். பிறந்தபோது அவ்வளவுதான் இருந்தாள் என்று அக்கா வீட்டுக்காரர், அதாவது மாமா, வைத்த பெயர். பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். அவளுடைய கடைவாய்ப் பால்பல் ஒன்றில் குழி விழுந்து, ஈறு சிவந்து, முதலில் ஒரு பக்கமாக மென்றாள், பிறகு மெல்லுவதையே நிறுத்தினாள். ராத்திரியெல்லாம் கன்னத்தைத் தலையணையில் அழுத்திக்கொண்டு, பூனைக்குட்டி மாதிரி முனகினாள். வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. அவளுக்கு அந்தப் பல் போனால் போதும். வேறு கோரிக்கை எதுவும் அவள் வைக்கவில்லை.

என்னை ஏன் கூட்டிப் போனார்கள் என்றால், எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். எங்கே எவர் ஒரு தாளை நீட்டினாலும் அதை வாங்க என் கைதான் நீள வேண்டும். நான் படித்தது தாவரவியல். அது யாருக்கும் ஒரு பொருட்டே இல்லை. வங்கியா, வக்கீல் ஆபீஸா, பல் ஆஸ்பத்திரியா, "படிச்சிருக்கல்ல, படி" என்பார் மாமா. இலையின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை வைத்துக்கொண்டு இந்தக் குடும்பத்தின் சகல விவகாரங்களையும் நான் நடத்திவருகிறேன்.

உள்ளே குழந்தைகளின் உயரத்துக்கு ஏற்ற நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அதில் குழந்தைகள் யாரும் உட்காரவில்லை. அப்பாக்கள் முழங்காலைக் காதோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எதிரே மீன் தொட்டி. அதிலிருந்த மீன்கள் மட்டுமே அங்கே பயமில்லாமல் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன.

டாக்டர் இளவயதுப் பெண். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வதைப் பார்த்தால் காலையிலிருந்து குனிந்தே இருந்திருப்பார் என்று தெரிந்தது. பட்டாணியின் வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். இந்தப் பல்லைக் காப்பாற்ற முடியாது, எடுத்துவிடலாம், கீழிருந்து புதுப்பல் வரும் என்று அக்காவிடம் சொன்னார். எப்படி எடுப்பது என்பதை ஆலோசகர் விளக்குவார் என்று கையைக் கழுவப் போய்விட்டார்.

ஆலோசகரும் பெண்தான். சட்டையில் "அமைதி ஆலோசகர்" என்று பொறித்த பட்டை இருந்தது. அவர் பேசுவதைக் கேட்டாலே பாதி மயக்கம் வந்துவிடும். அந்த வகையில் அவர் பட்டத்துக்குத் தகுதியானவர்தான். முதல் காரியமாக எங்களுக்கு அந்த நிறுவனத்தின் "பூஜ்ய அச்சக் கொள்கை"யை விளக்கினார். அந்தக் கட்டடத்துக்குள் ஊசி என்று சொல்லக் கூடாது, கொசு என்று சொல்ல வேண்டும். வலி கிடையாது, உணர்வுதான் உண்டு. பல்லைப் பிடுங்க மாட்டார்கள், வழியனுப்பி வைப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சிகிச்சையைப் பற்றிக் குழந்தையிடம் நேரடியாக யாரும் பேசக் கூடாது. எந்தக் கேள்வியும் பெற்றோர் வழியாகத்தான் போக வேண்டும், பதிலும் அதே வழியாகத்தான் திரும்ப வேண்டும். பட்டாணி எங்கள் நடுவில், பயணத்துக்குக் கொண்டுவந்த பை மாதிரி உட்கார்ந்து, யார் பேசினாலும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு பலகையைக் காட்டினார். மயக்க வசதிகள் மூன்று வகை. "தென்றல்" என்பது மூக்கில் ஒரு முகமூடி வைத்துக் கொடுக்கும் சிரிப்பு வாயு. குழந்தை விழித்திருக்கும், ஆனால் எதற்கும் கவலைப்படாது. "மேகம்" என்பது குடிக்கிற மருந்து; குழந்தை அரைத் தூக்கத்தில் தள்ளாடும். "நிலா" என்பது முழு மயக்கம். அதற்கென்று தனி டாக்டர் வருவார், குழந்தை தூங்கி எழுந்தால் பல் இருக்காது. மூன்றுக்கும் படம் இருந்தது. நிலாவின் மேல் ஒரு முயல் கண்மூடிப் படுத்திருந்தது. அது தூங்குகிறதா வேறு ஏதாவதா என்று சரியாகத் தெரியவில்லை.

வெறும் மரத்துப்போகிற ஊசி போட்டு எடுக்க முடியாதா என்று கேட்டேன். பெரிய நகைக்கடையில் ஊக்கு கேட்டவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"அதுல குழந்தை முழிச்சிருக்கும் மேடம்."

"முழிச்சிருந்தா என்ன?"

"எல்லாம் தெரியும் மேடம்" என்றார், அது ஏதோ ஒட்டிக்கொள்ளும் வியாதி மாதிரி.

பலகையில் அந்த ஊசிக்கு இடமும் இல்லை, பெயரும் இல்லை, முயலும் இல்லை.

அன்று மாலை வீட்டில் உயர்மட்டக் கூட்டம் நடந்தது. தலைமை அக்கா. மாமா பங்கேற்று, நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். தென்றல் போதாது, சிரித்துக்கொண்டே பிள்ளை அழுதால் என்ன செய்வது என்று நிராகரிக்கப்பட்டது. மேகம் நம்பத்தகுந்ததாக இல்லை. எந்த மேகம் எப்போது கலையும் என்று யார் கண்டது. ஒரே ஒரு பால்பல்லுக்கு முழு மயக்கம் எதற்கு என்ற என் கேள்வி அவைக்குறிப்பில் சேர்க்கப்படவில்லை. நியாயமாகச் சொன்னால், ஊசி என்ற பேச்சையே எடுக்க முடியாத நிலையை இந்த வீடுதான் உண்டாக்கி வைத்திருந்தது. பட்டாணி கைக்குழந்தையாக இருந்த காலத்திலிருந்து, ஒரு வாய் சோறு மிச்சம் வைத்தால் டாக்டர் ஊசி போடுவார், சீக்கிரம் தூங்காவிட்டால் டாக்டர் ஊசி போடுவார் என்று மாமா அன்போடு வளர்த்திருந்தார். உலகத்தில் எந்த டாக்டருக்கும் வேறு வேலையே கிடையாது என்று அந்தக் குழந்தை நம்பியிருந்தது. இப்போது அதே டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டுமானால், மயக்கித்தான் கூட்டிப் போக வேண்டும்.

அவளையே ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்றேன்.

"அவ குழந்தைடி. அவளுக்கு என்ன தெரியும்?" என்றாள் அக்கா.

"பல்லு அவளோடதுதானே?"

அக்கா என்னை முறைத்தாள். படிக்க வைத்தது தப்பு என்பது அந்த முறைப்பின் பொருள். என்னைப் படிக்க வைக்க அவள் தன் படிப்பை விட்டவள் என்பதால் அந்த முறைப்புக்கு நான் எப்போதும் வாயை மூடிக்கொள்வேன். நிலா ஒருமனதாக நிறைவேறியது. பட்டாணிக்கு வாக்குரிமை இல்லை. அவள் பக்கத்து அறையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

பயணத்துக்கான அறிவுரைத் தாளை நான்தான் உரக்க வாசித்தேன். வழவழ காகிதம். முயல் ஒன்று கையசைத்துக்கொண்டிருந்தது. "நிலாப் பயணிக்கு லேசான வயிறு அழகு. பயண நாளன்று உணவும் பாலும் தவிர்ப்பது பயணத்தை மேலும் இனிதாக்கும்." அவ்வளவுதான். ஏன் தவிர்க்க வேண்டும், தவிர்க்காவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு வரி கூட இல்லை. ஆலோசகருக்குப் போன் போட்டுக் கேட்டேன். நெகட்டிவாக எதையும் சொல்வது தங்கள் பாரம்பரியம் இல்லை என்றார். லேசாக இருந்தால் நன்றாக இருக்கும், அவ்வளவுதான் என்றார். மாமா அதைக் கேட்டுவிட்டு, பிளேனில் கொடுக்கிற அறிவுரை மாதிரிதான் போல என்று தலையாட்டினார். மாமா பிளேனில் போனது கிடையாது.

குறித்த நாள் காலையில் எல்லாரும் கிளம்பினோம். எங்கள் வீட்டில் ஒருவர் பசியோடு இருப்பதை இன்னொருவர் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார், கைதவறி ஊட்டிவிடுவார். அன்று அப்படி எதுவும் நடக்கவில்லை. குறைந்தபட்சம் அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள். அக்கா சமையலறைக்குள் பட்டாணிக்குத் தலை வாரினாள். அங்கே ஏன் வாருகிறாய் என்று கேட்டதற்கு வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்றாள். ஆஸ்பத்திரி வாசலில் எங்களை இறக்கிவிட்டதும், மாமா வண்டியை நிறுத்திவிட்டு வருகிறேன் என்று பட்டாணியையும் கூட்டிக்கொண்டு போனார். வண்டி நிறுத்துவதற்குப் பிள்ளையின் உதவி எதற்கு என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

உள் அறையில் பட்டாணியைக் கட்டிலில் உட்கார வைத்து, நீலக் கவுன் மாட்டினார்கள். ஒரு வாரமாக வாயைத் திற, வாயைத் திற என்று கெஞ்சிய அப்பாவும் அம்மாவும் அன்று காலையிலிருந்து அவளைப் பார்க்கும்போதெல்லாம் உதட்டில் விரலை வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் அதைப் பயத்தில் வருகிற பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

மயக்க டாக்டர் வந்தார். பேனாவைக் காதில் செருகிய, அவசரத்தில் இருந்த மனிதர். அவரும் கொள்கைக்குக் கட்டுப்பட்டவர். பட்டாணியின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தபடியே அக்காவைப் பார்த்துத்தான் கேட்டார். குழந்தை ஏதாவது சாப்பிட்டதா?

"பச்சத் தண்ணி கூடப் படல டாக்டர்" என்றாள் அக்கா. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

மாமாவைப் பார்த்தார். மாமா சுவரிலிருந்த முயலைப் பார்த்தார். ஒன்றுமே இல்லை சார், வெறும் வயிறு சார் என்று முயலிடம் சொன்னார். டாக்டர் காதிலிருந்து பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

நான் மூலையில் நின்று போனை நோண்டிக்கொண்டிருந்தேன். தாளில் இல்லாத அந்த "ஏன்" எனக்கு முள் மாதிரி இருந்தது. ஏதோ ஒரு பெரிய ஆஸ்பத்திரி தன் பக்கத்தில், முயலெல்லாம் போடாமல், நேராக எழுதி வைத்திருந்தது. முழு மயக்கத்தில் விழுங்குகிற, இருமுகிற சக்தி போய்விடும். வயிற்றில் பாலோ உணவோ இருந்தால் அது மேலே ஏறி நுரையீரலுக்குள் இறங்கலாம். உயிருக்கே ஆபத்து. அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தேன். அக்காவின் வேகமான பதில், சமையலறை வெளிச்சம், வண்டி நிறுத்தப் போன மாமா என்று எல்லாம் ஒரே நேரத்தில் வரிசையில் வந்து நின்றன. மயக்க டாக்டர் மருந்தை ஊசிக்குழலில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

நான் நேராகப் போய்க் கட்டிலின் முன்னால் மண்டியிட்டேன். ஆலோசகர் பதறிப்போய், மேடம், கேள்வியெல்லாம் பேரன்ட்ஸ் வழியா என்று தொடங்கினார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

"பட்டாணி, நான் சொல்றத நல்லாக் கேளு. இப்ப உனக்கு ஒரு மருந்து குடுத்து ரொம்ப ஆழமாத் தூங்க வைப்பாங்க. அப்ப உன் வயித்துல ஏதாவது இருந்துச்சுன்னா, அது மேல வந்து நீ மூச்சு விடற குழாய்ல போயிடும். மூச்சு விட முடியாது. ரொம்ப ஆபத்து. உன்ன யாரும் திட்ட மாட்டாங்க. காலைல ஏதாவது சாப்பிட்டியா?"

பட்டாணி அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். சட்டச் சிக்கல் ஒன்றை அவள் தீவிரமாக ஆராய்வது தெரிந்தது.

"அம்மா யார்கிட்டயும் சொல்லாதன்னாங்க. அப்பா, அம்மாகிட்ட சொல்லாதன்னாரு" என்றாள். "சித்தி கேட்டா சொல்லாதன்னு அப்பா சொல்லல."

"அப்பா என்ன குடுத்தாரு?"

"க்ரீம் பிஸ்கட்டு. ரெண்டு பக்கமும் பிரிச்சு, க்ரீம நக்கிட்டு, அப்புறம் ஊற வச்சுத் தின்னேன். பல்லுல படல."

எதில் ஊற வைத்தாய் என்று மயக்க டாக்டர் முதல் முறையாக அவளிடமே கேட்டார்.

"வாயில" என்றாள் பட்டாணி. கொஞ்சம் யோசித்தாள். "பாலு அம்மா முன்னாடியே குடுத்துட்டாங்க."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா அக்காவைப் பார்த்தார், அக்கா மாமாவைப் பார்த்தாள். ஒருவர் திருட்டை இன்னொருவர் கண்டுபிடித்த திருப்தி கூட அந்த நேரத்தில் இருவருக்கும் கிடைக்கவில்லை. ஆனால் பட்டாணி இன்னும் முடிக்கவில்லை. வாய்க்குள் விரலை விட்டு, உள்கன்னத்திலிருந்து ஒட்டிக்கொண்டிருந்த எதையோ துழாவி எடுத்து நீட்டினாள். பாதி கரைந்த சிவப்பு மிட்டாய்.

"இது அந்த ஆன்ட்டி குடுத்தாங்க. தைரியமா இருந்தேன்னு."

எல்லாரும் அமைதி ஆலோசகரைப் பார்த்தோம். பூஜ்ய அச்சக் கொள்கையின்படி ஒவ்வொரு குழந்தைக்கும் "தைரிய மிட்டாய்" வழங்குவது வழக்கம் என்று அவர் விளக்கினார். பல் ஆஸ்பத்திரியில் மிட்டாய் கொடுப்பதன் தொலைநோக்கை நான் அங்கேயே வியந்தேன்.

மயக்க டாக்டர் கையிலிருந்ததை மெதுவாகத் தட்டில் வைத்தார். இப்படி ஏற்றியிருந்தால் பிள்ளை போயிருக்கலாம் என்று அக்காவிடம் தாழ்ந்த குரலில், வார்த்தை வார்த்தையாகச் சொன்னார். அந்த வார்த்தைகளுக்கு மயக்க மருந்தெல்லாம் பூசவில்லை.

"இத ஏன் எங்ககிட்ட யாருமே சொல்லல?" என்றாள் அக்கா. கேட்கும்போதே அழுதாள்.

"நீங்க பயந்துடுவீங்கன்னு மேடம்" என்றார் ஆலோசகர்.

மாமா குட்டி நாற்காலி ஒன்றில் தொப்பென்று உட்கார்ந்தார். அது அவர் இடுப்பைக் கவ்விக்கொண்டது. எழ முயலவில்லை. கொஞ்சூண்டுதான் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

நிலாப் பயணம் ரத்து என்று அறிவிக்கப்பட்டது. மறுபடி தேதி பார்க்கலாம் என்றார் ஆலோசகர். அப்போதுதான் பட்டாணியின் முகம் சுருங்கியது. இவ்வளவு நேரம் அவள் அழவே இல்லை.

"அப்ப இன்னைக்குப் பல்ல எடுக்க மாட்டீங்களா? எனக்கு வலிக்குது."

சத்தம் கேட்டுப் பல் டாக்டர் உள்ளே வந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். மரத்துப்போகிற ஊசிக்கு வெறும் வயிறு வேண்டியதில்லை, சொல்லப்போனால் தான் முதல் நாளே சீட்டில் எழுதியது அதைத்தான், பலகையில் இல்லாததால் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை என்றார். பிறகு மண்டியிட முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கட்டிலின் ஓரத்தில், பட்டாணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஊசி வலிக்குமா?" என்றாள் பட்டாணி.

கொசு மாதிரி என்று ஆலோசகர் வாயெடுத்தார். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வலிக்கும். கொஞ்ச நேரம். அப்புறம் கன்னம் தடிச்சுப்போன மாதிரி இருக்கும். பல்ல எடுக்கும்போது அழுத்துறது தெரியும், வலி இருக்காது."

"அழலாமா?"

"அழு. வாயை மட்டும் மூடாம அழு."

"நிறுத்துன்னு சொன்னா நிறுத்துவீங்களா?"

"அப்ப வாயில என் கை இருக்கும். பேச முடியாது. நீ கையத் தூக்கு, நான் நிறுத்திடறேன்."

பட்டாணி இதை உடனே நம்பிவிடவில்லை. சிகிச்சை நாற்காலிக்கு மாறிச் சாய்ந்து, டாக்டர் கண்ணாடியை வாய்க்குள் கொண்டுபோனதும் கையைத் தூக்கினாள். டாக்டர் நிறுத்தினார். மறுபடி தொடங்கியதும் மறுபடி தூக்கினாள். மறுபடி நிறுத்தினார். ஒன்றும் ஆகாமலேயே இப்படிச் சோதித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஏதோ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவள் போல இரண்டு கையையும் வயிற்றின் மேல் கோத்துக்கொண்டாள்.

ஊசிக்கு அழுதாள். நன்றாகவே அழுதாள், வலித்தது, அழுதாள், அதில் எந்த ரகசியமும் இல்லை. பல் வெளியே வந்தபோது அழவில்லை. மாமாதான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, தொடங்குவதற்கு முன்பிருந்தே முடிஞ்சுதா, முடிஞ்சுதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்ததும் பட்டாணி பல்லைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். அரிசியை விடக் கொஞ்சம் பெரிசு. பஞ்சைக் கடித்தபடியே, இதுக்கா இவ்வளவு என்பது போல எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். அன்று இரவு முனகல் இல்லாமல், குறுக்கே படுத்து, என்னைக் கட்டிலிலிருந்து உதைத்துத் தள்ளித் தூங்கினாள்.

அடுத்த வாரம் ஆலோசகர் போன் செய்தார். நடந்த சம்பவம் குறித்து மேல்மட்ட ஆய்வுக் கூட்டம் நடந்ததாகவும், தீவிர விசாரணைக்குப் பிறகு கோளாறு கண்டுபிடிக்கப்பட்டுவிட்டதாகவும் பெருமையோடு சொன்னார். பாலிலும் கோளாறு இல்லை, பிஸ்கட்டிலும் இல்லை, மிட்டாயில் சத்தியமாக இல்லை. விதிமீறல் ஒன்றே ஒன்றுதான் நடந்திருக்கிறது: உறவினர் ஒருவர் குழந்தையிடம் நேரடியாகப் பேசிவிட்டார். எனவே இனிமேல் சித்திகள், அத்தைகள் முதலானோர் உள் அறைக்குள் அனுமதிக்கப்பட மாட்டார்கள். கூடவே ஒரு நற்செய்தியும் சொன்னார். "விடியல்" என்ற பெயரில் புதிய உயர்ரகச் சேவை ஒன்றைத் தொடங்குகிறார்களாம். மரத்துப்போகிற ஊசி. அதோடு குழந்தையிடம் டாக்டரே பேசுவார். பேச்சுக்குத் தனிக் கட்டணம்.

ஒரு நிறுவனம் தன் தவறிலிருந்து இவ்வளவு வேகமாக லாபம் கற்றுக்கொண்டதை நான் பார்த்ததில்லை. மனதாரப் பாராட்டினேன். அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

"அப்படியே எங்க சேவையப் பத்தி ஒரு வரி சொல்லுங்க மேடம். சுவத்துல போடறோம். நீங்க படிச்சவங்க, அழகாச் சொல்வீங்க."

யோசிக்கவே தேவையிருக்கவில்லை.

"அன்னைக்கு மருந்து ஏத்தப் போறப்ப அந்த ரூம்ல இருந்தவங்கள்ல கேட்ட கேள்விக்கு நேராப் பதில் சொன்னது ஒரே ஒரு ஆள்தான்" என்றேன். "அந்த ஆளத்தான் நாம எல்லாரும் சேந்து தூங்க வைக்கப் பாத்தோம்."